சாயா கீரை: நடுவது சுலபம், வேகவைப்பதில்தான் கவனம்

பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பால்கனியிலோ மொட்டை மாடியிலோ இரண்டு தொட்டிக்கு மட்டும் இடம் வைத்திருப்பவர்கள் எந்தக் கீரையை வளர்க்கலாம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது சாயா கீரையை. பாலக்கும் வெந்தயக்கீரையும் விதைத்து, முளைத்து, இரண்டு முறை கிள்ளியதும் முடிந்துபோகும். மறுபடி விதை வாங்க வேண்டும், மறுபடி எறும்பைக் காவல் காக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்புகிறவர்களுக்கு அது சலித்துவிடும். சாயா அப்படிப்பட்ட செடி அன்று. இது புதர். ஒரு குச்சியை நட்டு வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இலை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செத்துப்போகாது.

ஆனால் நடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த இலையைப் பச்சையாக உண்ணக் கூடாது. இதில் சயனைடை வெளியிடும் சேர்மங்கள் இருக்கின்றன. மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் அதே வகைதான்; இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். முறையாக வேகவைத்தால் அந்த நஞ்சு நீங்கிவிடும், நல்ல உணவாகிவிடும். வேகவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தச் செடியை வளர்க்காமல் இருப்பதே நல்லது. இதை நான் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நர்சரிகளிலும் நண்பர்கள் வட்டத்திலும் குச்சி கை மாறுகிறது. சமைக்கும் முறை கூடவே கை மாறுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாயாவின் தாயகம் மெக்சிகோவின் யுகடான் தீபகற்பமும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்கப் பகுதிகளும். மாயா மக்கள் நெடுங்காலமாக வீட்டு வேலியோரம் வளர்த்து உண்டுவரும் கீரை இது. தாவரவியல் பெயர் நிடோஸ்கோலஸ் அகோனிடிஃபோலியஸ். தமிழ்நாட்டில் சாயா கீரை என்றும் மரக்கீரை என்றும் சொல்கிறார்கள். கேரளத்தில் ‘சாய மன்சா’ என்ற பெயரில் நன்றாகப் பரவியிருக்கிறது. பெங்களூரு நர்சரிகளில் மலையாளிகள் இருந்தால் அந்தப் பெயரைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இலை உள்ளங்கை அகலம் இருக்கும். மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பப்பாளிக் கன்றோ என்று தோன்றும். காம்பு நீளம். கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். நீண்ட தண்டின் நுனியில் சிறு சிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். அவற்றைத் தேடி வண்ணத்துப்பூச்சிகள் வரும். காட்டு வகைகளில் காம்பிலும் இலையடியிலும் சுணை இருக்கும், தொட்டால் அரிக்கும். வீடுகளில் வளர்ப்பவை பெரும்பாலும் சுணை குறைந்த வகைகள்தான். ஆனாலும் குச்சி வாங்கும்போது காம்பின் மேல் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். சுணை தட்டினால் வேறு இடத்தில் வாங்குங்கள். சமைத்தால் சுணை போய்விடும்தான். ஆனால் குழந்தைகள் ஓடியாடும் மாடியில் அந்த வகை வேண்டாம்.

இரண்டு குழப்பங்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது காட்டாமணக்கு. அதுவும் இதே குடும்பம், இலையும் ஏறக்குறைய அதே அகலம், வேலியோரமே வளரும். ஆனால் உண்ணத் தகாத நச்சுச் செடி. அதன் மடல்கள் ஆழமாகப் பிரிந்திருக்காது, ஓரத்தில் சாயாவுக்கு இருப்பதுபோல் பற்கள் இருக்காது. இந்த அடையாளங்களை நம்பிச் சாலையோரத்தில் கண்ட செடியைப் பறித்துவர வேண்டாம். சமைத்து உண்டுவரும் வீட்டிலிருந்தோ, தெரிந்து விற்கும் நர்சரியிலிருந்தோ மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது தவசிக்கீரை. கன்னடத்தில் சக்கரமுனி சொப்பு என்பது அதைத்தான். நர்சரிகளில் ‘மல்டி விட்டமின் கீரை’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் விற்பதுண்டு. தோற்றத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தவசிக்கீரையின் இலைகள் சிறியவை, மெல்லிய தண்டில் வரிசையாக அமைந்திருக்கும். ஆபத்து எங்கே என்றால், தவசிக்கீரையை நடந்துபோகும்போதே நாலு இலை கிள்ளி வாயில் போட்டுப் பழகியவர்கள் அதே பழக்கத்தைச் சாயாவிடமும் காட்டிவிடுவார்கள். தவசிக்கீரையையும் பச்சையாக மிகுதியாக உண்பது நல்லதன்று. 1990களின் நடுவில் தைவானில் உடல் எடை குறையும் என்று நம்பி அதைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ‘கீரைதானே, என்ன செய்துவிடும்’ என்ற எண்ணத்தை இரண்டு செடிகளிடமும் விட்டுவிட வேண்டும்.

போத்து வாங்குவதும் நடுவதும்

வளர்ப்பு வகைகளில் விதை பிடிப்பது மிக அரிது. ஆகவே சாயா விதை என்று யாராவது பொட்டலம் விற்றால் வாங்காதீர்கள். முருங்கைக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைக் குச்சி நடுவதைப்போல இதற்கும் போத்துதான். லால்பாக் அருகே சித்தாபுராவில் வரிசையாக இருக்கும் நர்சரிகளில் கேட்டுப் பார்க்கலாம். மாடித்தோட்டக்காரர்கள் கூடும் ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ போன்ற சந்தைகளில் விதையும் குச்சியும் பரிமாறிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விட நல்ல வழி, வைத்திருப்பவரிடம் நேரில் கேட்பது. இந்தச் செடியை எப்படியும் கவாத்து செய்ய வேண்டும் என்பதால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

நுனியில் இருக்கும் பச்சைத் தண்டு வேண்டாம், அழுகிவிடும். பட்டை சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கிய, கட்டைவிரல் பருமனுள்ள கிளையாகப் பார்த்து ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று அதிகமாக வெட்டிக்கொள்ளுங்கள். நான்கைந்து கணுக்களாவது இருக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்ற சந்தேகம் பிறகு வராது. வெட்டு மறந்துபோனால் கணுவைப் பாருங்கள்: இலை உதிர்ந்த தழும்பு கீழே இருக்கும், மொட்டு அதற்கு மேலே இருக்கும்.

வெட்டியவுடன் பால் சொட்டுச் சொட்டாக வழியும். சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் மிகவும் எரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை முகத்தைத் தொடாதீர்கள். உடுப்பில் பட்டால் கறை போகாது.

இலைகளை எல்லாம் நீக்கிவிட்டு, குச்சியை நிழலில் இரண்டு மூன்று நாள் சும்மா வைத்துவிடுங்கள். வெட்டுவாயில் பால் உறைந்து, தொட்டால் பிசுபிசுக்காமல் காய்ந்த தோல்போல் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துப் பால் வடிய வடிய ஈர மண்ணில் செருகுவதுதான் போத்து அழுகுவதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் அளவுக்கு மீறிய தண்ணீர்.

பெங்களூருக்கு ஏற்ற காலம் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. அப்போது கோடை மழை மண்ணைக் குளிரவைத்திருக்கும், வெயிலும் மிச்சமிருக்கும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. டிசம்பர், ஜனவரி இரவுகள் வெப்ப மண்டலச் செடியான சாயாவுக்குப் பிடிப்பதில்லை. அந்த மாதங்களில் நட்டால் குச்சி உறங்கிக்கொண்டே இருக்கும். தீபாவளி சமயத்தில் குச்சி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி நடுங்கள், ஆனால் பிப்ரவரி வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

வேர் பிடிக்க வைக்கும் மண் இளக்கமாக இருக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. இந்தக் கட்டத்தில் உரம் வேண்டாம். குச்சியின் மூன்றில் ஒரு பாகம் மண்ணுக்குள் போகும்படி நட்டு, சுற்றிலும் கையால் அழுத்தி, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். நேர் வெயில் படாத, வெளிச்சமான இடம் போதும்.

அடுத்து வருவது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். குச்சியில் சேர்த்துவைத்த உணவை வைத்தே சாயா துளிர் விடும். பச்சைத் துளிரைப் பார்த்ததும் வேர் வந்துவிட்டது என்று எண்ணிவிடுவோம். பல நேரங்களில் அப்போது வேர் வந்திருக்காது. வேர் வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் வேர் இருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பது, தொட்டி மாற்றுவது, வெயிலில் தூக்கி வைப்பது எதுவும் கூடாது. துளிர் நான்கைந்து முழு இலையாக விரிந்து, வாடாமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

தொட்டி, வெயில், தண்ணீர்

நிலத்தில் நட்டால் சாயா ஐந்தாறு மீட்டர் வரை வளரக்கூடியது. தொட்டியில் அதை மார்பளவுக்கு அடக்கி வைக்கலாம். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் அடியில் ஆறேழு துளை போட்டாலே போதுமானது. வளர்ப்பு மண்ணில் செம்மண்ணோடு வீட்டுச் சமையல் கழிவில் செய்த கம்போஸ்ட் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஈரக் கழிவைத் தனியாகப் பிரிப்பது இந்த ஊரில் எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. அதில் ஒரு பங்கு தொட்டிக்குப் போகட்டும். மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி கம்போஸ்ட் போட்டால் வேறு உரம் தேவையில்லை.

ஈர மண்ணோடு ஒரு வாளி 25 கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். தளத்தின் நடுவில் வைக்காமல் தூணும் சுவரும் இருக்கும் ஓரமாக வையுங்கள். அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது. பிற்காலத்தில் கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் கசிகிறது என்ற பேச்சும் எழாது. வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். இந்த ஊரில் டெங்குக் கொசு வளர அது போதும்.

நாளுக்கு நான்கைந்து மணி நேர வெயில் இருந்தால் இலை தழைக்கும். அரைநிழலிலும் வளரும், ஆனால் தண்டு மெலிந்து நீளும். மார்ச், ஏப்ரலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். மழைக்காலத்தில் தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேவையென்றால் மட்டும். போர்வெல் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ, இந்தச் செடி பேதம் பார்ப்பதில்லை. காற்றைத்தான் தாங்காது. கிளைகள் எளிதில் முறியும் தன்மையுள்ளவை. ஜூன், ஜூலையில் மாடியில் அடிக்கும் காற்றுக்குக் கைப்பிடிச் சுவர் மறைவில் வைத்து ஒரு கழியோடு கட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள், வெயில் ஏறியதும் மீண்டும் தழைக்கும்.

பூச்சித் தொல்லை குறைவு. வந்தால் மாவுப்பூச்சி வரும். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008இல் கோவையில் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பல பயிர்களைப் பாழாக்கியது. 2010இல் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் அதன் இயற்கை எதிரிகளான குட்டி ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. மரவள்ளியின் உறவு என்பதால் சாயாவிலும் இலையடியை வாரம் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல் கண்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, வேப்பெண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தெளித்தால் போதும். இரசாயன மருந்து அடிக்காதீர்கள். நாம் உண்ணும் இலை அது. அந்தக் குட்டிக் குளவிகளும் மருந்தில் மாண்டுபோகும்.

பறிப்பது

முதல் ஆறு மாதம் பறிக்காமல் இருங்கள். கடினம்தான், இலை அவ்வளவு பசுமையாக நிற்கும். ஆனால் வேர் மெதுவாக வளரும் செடி இது. தொடக்கத்தில் இலையை விட்டுவைத்தால் இரண்டாம் ஆண்டிலிருந்து தட்டுப்பாடே இருக்காது. அதன் பிறகும் ஒரே நேரத்தில் செடியின் பாதி இலைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. நுனிக் குருத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் நன்கு விரிந்த, இன்னும் தடிக்காத இலைகளைக் காம்போடு கிள்ளுங்கள். அடியிலிருக்கும் முற்றிய இலை நாராக இருக்கும்.

செடி நம் உயரத்தை எட்டியதும் இடுப்பளவுக்கு வெட்டிவிடலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும், இலையும் பெருகும். அடைமழை நாட்களில் வெட்ட வேண்டாம், வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கும். வீடு மாறப் போகிறீர்கள் என்றால் வாளியைச் சுமக்கவே வேண்டியதில்லை. நாலு குச்சியை வெட்டிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனால் புதிய வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அவை நடுவதற்குத் தயாராகக் காய்ந்திருக்கும்.

அடுப்பில் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

இலையைக் காம்பு நீக்கிக் கழுவுங்கள். ஐந்தாறு இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தடித்த நடுநரம்பைக் கத்தியால் நீக்கிவிட்டு, பாய்போல் சுருட்டி, மெல்லிய கீற்றுகளாக நறுக்குங்கள். பலகையில் பச்சைச் சாறு கசியும், பச்சைப்புல் வாசம் வரும். நறுக்குவது வெறும் அழகுக்காகச் செய்வதன்று. முழு இலையில் சயனைடு சேர்மம் ஓரிடத்திலும் அதைச் சிதைக்கும் நொதி வேறிடத்திலும் பிரிந்திருக்கும். நறுக்கும்போதுதான் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். அதன் கொதிநிலை ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே கொதிக்கும் நீரில், திறந்த பாத்திரத்தில், அது ஆவியாகப் போய்விடும். மூடி போட்டு வேகவைக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் இலை தாராளமாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் கொதிக்க வையுங்கள். கொதி வந்த பிறகு இலையைப் போட்டு, மூடாமல், கொதி தணியாமல் 20 நிமிடம் வேக விடுங்கள். அடுப்படி ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆவியில் முகத்தைக் காட்ட வேண்டாம். பிறகு வடிகட்டி, இலையை மட்டும் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். யுகடானில் வேகவைத்த நீரைக் குடிக்கும் வழக்கம் உண்டு. அவர்கள் அந்தக் கீரையோடு பிறந்து வளர்ந்தவர்கள். புதிதாகத் தொடங்கும் நாம் அதைக் கொட்டிவிடுவதே சரி என்பது என் தீர்மானம். கர்நாடகத்துப் பஸ்ஸாறு செய்பவர்கள் இதில் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். கீரை வெந்த நீரில்தான் அந்தச் சாறே செய்வார்கள். சாயாவை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சாயாவை அலுமினியத்தில் சமைத்தால் வயிற்றுக்குக் கேடு என்பது தாயகத்திலேயே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. நம் வீட்டுக் குக்கர்களில் பல அலுமினியம்தான், போதாததற்கு மூடியும் இறுக்கம். அதனால் முதல் வேகவைப்பைக் குக்கரில் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மைக்ரோவேவும் வேண்டாம். இலையை எலுமிச்சைச் சாற்றோடு அரைத்த பச்சைப் பானம் யுகடானில் விற்கிறார்கள், காணொளிகளிலும் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து ஸ்மூத்தி செய்யாதீர்கள். நிழலில் உலர்த்திப் பொடியாக்கி அப்படியே மோரில் கலப்பதும் வேண்டாம்.

இவ்வளவு சிரமப்பட்டு உண்ண இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். மெக்சிகோவில் செய்த பகுப்பாய்வு ஒன்றின்படி 100 கிராம் பச்சை இலையில் 5.7 கிராம் புரதமும், சுமார் 199 மில்லிகிராம் கால்சியமும், 11.4 மில்லிகிராம் இரும்பும் உண்டு. அதே அட்டவணையில் பாலக் என்று நாம் சொல்லும் ஸ்பினாச்சுக்குப் புரதம் 3.2 கிராம்தான். வைட்டமின் சி 165 மில்லிகிராம் அளவில் காட்டப்பட்டிருக்கிறது, ஆனால் அது பச்சை இலைக் கணக்கு. 20 நிமிடக் கொதியில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே தட்டில் பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். இரும்பு உடலில் சேரவும் அது உதவும்.

என்ன சமைக்கலாம்

வெந்த சாயா குழையாது, கசக்காது, வழவழப்பும் இல்லை. தண்டுக்கீரையைவிடச் சற்று கெட்டியாகப் பல்லில் நிற்கும். அதனால் பருப்போடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். பாசிப்பருப்புக் கூட்டு, தேங்காய்ப்பூ தூவிய பொரியல் என்று எந்தக் கீரைக்கும் செய்வதை இதற்கும் செய்யலாம். பிழிந்து எடுத்த இலையைக் கடைசியில் சேர்த்தால் போதும். முட்டைப் பொடிமாஸில் கலப்பது குழந்தைகளுக்குப் பிடிக்கும். யுகடானிலும் முட்டையோடு சேர்த்துக் கிளறுவது அன்றாட உணவு.

என் விருப்பம் மஸ்ஸொப்பு, அதாவது கர்நாடகத்துக் கீரைப் பருப்புக் கடைசல். எங்கள் மேல்வீட்டு அஜ்ஜி (கன்னடப் பாட்டி) பல கீரைகளைக் கலந்து செய்வதைப் பார்த்துப் பார்த்து, சாயாவுக்கு மாற்றிக்கொண்டது. அரைக் கோப்பை துவரம்பருப்பை இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, நாலு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். முன்பே வேகவைத்துப் பிழிந்த சாயா இரண்டு கைப்பிடியை அதில் போட்டு, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். இறக்கி மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் களிம்பாகிவிடும். மத்தில் கடைந்தால்தான் இலை அங்கங்கே திப்பி திப்பியாக நாக்கில் படும். கடுகு, வரமிளகாய், பெருங்காயம், தட்டிப்போட்ட பூண்டு தாளித்துக் கொட்டினால் ராகிக் களிக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. சோற்றுக்கும் நன்றாக இருக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக வேகவைத்துப் பிழிந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். அடை மாவிலும், ராகி ரொட்டி, அக்கி ரொட்டி (அரிசி மாவு ரொட்டி) பிசையும்போதும் ஒன்றை உதிர்த்துப் போட்டால் காலைச் சமையல் முடிந்தது.

முதல் முறை உண்ணும்போது ஆளுக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்ததும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். தினமும் இதே கீரை வேண்டாம், கடைக்கீரையும் மாறி மாறி வரட்டும்.

சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்கள், தைராய்டு சிக்கல் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கைக்குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் செடி அவற்றுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். யாராவது பச்சை இலையை உண்டு தலைவலி, தலைசுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், என்ன இலை என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் ஓர் இலையையும் கொண்டு போங்கள்.

செடி தழைத்ததும் அக்கம்பக்கத்தில் குச்சி கேட்பார்கள், கட்டாயம் கொடுங்கள். கொடுக்கும்போது குச்சியைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதத்தைக் கட்டி, அதில் ‘பச்சையாக உண்ணக் கூடாது, நறுக்கி, திறந்த எவர்சில்வர் பாத்திரத்தில் 20 நிமிடம் வேகவைத்து, நீரை வடித்துவிடவும்’ என்று எழுதிவிடுங்கள். தமிழ் தெரியாத அண்டை வீட்டாரிடம் ‘ஹசியாகி தின்னபேடி, இப்பத்து நிமிஷ பேயிசி, நீரு செல்லி’ என்று கன்னடத்தில் சொன்னால் போதும்.